செவ்வாய் மண்ணின் உப்பும் வைக்கிங்கின் சத்துநீரும்

அரை கன சென்டிமீட்டர் மண். சமையலறைத் தேக்கரண்டியில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதன்மேல் 0.115 மில்லிலிட்டர் சத்துநீர், அதாவது இரண்டு சொட்டு. 1976 ஜூலை இறுதியில், செவ்வாயில் இறங்கியிருந்த நாசாவின் வைக்கிங் 1 தரையிறங்கியின் வயிற்றுக்குள் இருந்த ஒரு சிறு கலத்தில் இந்த இரண்டும் சேர்ந்தன. சற்று நேரத்திலேயே கதிரியக்க வாயு கிளம்பியது. பூமியில் தோட்டத்து மண்ணை வைத்து இதே சோதனையைச் செய்தால் எப்படி இருக்குமோ, கிட்டத்தட்ட அப்படியே வாயுவின் அளவைக் காட்டும் வரைபடக் கோடு மேலே ஏறியது.

செவ்வாயில் உயிர் கண்டுபிடிக்கப்பட்டது என்று அன்றே அறிவித்திருக்கலாம். பறக்குமுன் வகுத்த விதிகளின்படி பார்த்தால், அந்தச் சோதனை தேறிவிட்டது. ஆனாலும் அறிவிக்கவில்லை, அறிவிக்காமல் விட்டது சரியான முடிவு. ஏன் சரி என்பதைப் புரிந்துகொள்ள 32 ஆண்டுகளும் இன்னொரு விண்கலமும் தேவைப்பட்டன. சூரியக் குடும்பத்தில் வேறெங்காவது உயிர் உண்டா என்று தேடுவோர் இன்று வேலை செய்யும் முறையே அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. அதனால் வைக்கிங்கைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

மூன்று சோதனை, ஒரு பெட்டி

வைக்கிங் 1 கிரைசி சமவெளியில் 1976 ஜூலை 20 அன்றும், வைக்கிங் 2 யுடோப்பியா சமவெளியில் செப்டம்பர் 3 அன்றும் இறங்கின. ஒவ்வொன்றிலும் ஓர் உயிரியல் பெட்டி: எடை 15.5 கிலோ, கொள்ளளவு ஒரு கன அடி. அதற்குள் அடுப்பு, வாயுக் குப்பி, வால்வு, கதிரியக்கமானி, விளக்கு என்று ஒரு முழு ஆய்வுக்கூடத்தை அடைத்திருந்தார்கள். பூமியிலிருந்து கிருமி எதுவும் ஒட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று, தரையிறங்கி முழுவதையும் ஏறத்தாழ 112 டிகிரி செல்சியஸில் ஒரு நாளுக்கும் மேலாக அடுப்பில் வைத்துச் சுட்ட பிறகே அனுப்பினார்கள்.

தொடக்கத்திலேயே சிக்கல் வந்தது. மண் அள்ளும் கையைப் பூட்டி வைத்திருந்த சிறு ஊசி ஒன்று விழாமல் இடையில் மாட்டிக்கொள்ள, கை உள்ளே திரும்பவில்லை. ஒரு கட்டளை செவ்வாயை எட்டவே அப்போது 19 நிமிடம் ஆகும். கையை இன்னும் கொஞ்சம் வெளியே நீட்டச் சொன்னதும் ஊசி தரையில் விழுந்தது. விழுந்து கிடந்ததைப் படத்திலும் பார்த்தார்கள். எட்டாவது செவ்வாய் நாளில் முதல் மண் உள்ளே போனது.

மேலே சொன்ன இரண்டு சொட்டுச் சோதனை கில்பர்ட் லெவின், பாட்ரிசியா ஸ்ட்ராட் இருவருடையது. லெவின் அடிப்படையில் சுகாதாரப் பொறியாளர்; குடிநீரில் கழிவுக் கிருமி கலந்திருக்கிறதா என்று விரைவாகக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் அவர் செவ்வாய்க்குக் கொண்டுபோனார். யோசனை எளிமையானது. ஃபார்மேட், கிளைக்கோலேட், கிளைசின், அலனின், லாக்டேட் ஆகியவை கரைந்த நீர்; கடைசி இரண்டிலும், ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம் போன்ற இடக்கை வடிவம், வலக்கை வடிவம் இரண்டும் உண்டு என்பதால் மொத்தம் ஏழு பண்டம். எல்லாவற்றிலும் கதிரியக்கக் கார்பன்-14. மண்ணில் எதாவது இதைத் 'தின்றால்' கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுவாக வெளிவிடும். வாயுவில் கதிரியக்கம் தெரிந்தால் யாரோ தின்றிருக்கிறார்கள்.

வான்ஸ் ஒயாமாவின் சோதனையில் மண்ணுக்கு முதலில் வெறும் ஈரப்பதம், பிறகு சத்துகள் நிறைந்த கரைசல். மேலே உள்ள வாயு எப்படி மாறுகிறது என்று பார்ப்பது. நார்மன் ஹொரோவிட்ஸின் சோதனை நேர்மாறானது: தண்ணீர் ஊற்றாமல், செவ்வாய்க் காற்றைப் போன்ற வாயுவில் கதிரியக்கக் கார்பனைக் கலந்து, சூரிய ஒளி போன்ற விளக்கின்கீழ் ஐந்து நாள் விட்டு, மண் அந்தக் கார்பனை உள்ளிழுத்துச் சேர்மமாக ஆக்கிக்கொள்கிறதா என்று பார்ப்பது.

இவை போக, உயிரியல் பெட்டிக்கு வெளியே மூலக்கூறுகளை எடைபார்த்து அடையாளம் காணும் கருவி ஒன்று, கிளாஸ் பீமனின் நிறைநிறமாலைமானி, இருந்தது. அது உயிரைத் தேடவில்லை. மண்ணைப் படிப்படியாக 500 டிகிரி வரை சூடாக்கி, கிளம்பும் ஆவியில் கரிமச் சேர்மம், அதாவது உயிர்களின் உடலுக்கு அடிப்படையான கார்பன் சேர்மம், இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. நூறு கோடியில் ஒரு சில பங்கு இருந்தால்கூடக் கண்டுகொள்ளும்.

விடைகள் ஒன்றோடொன்று மோதின

லெவின் சோதனை: வாயு வந்தது. ஒப்பீட்டுக்காக மண்ணை 160 டிகிரியில் மூன்று மணி நேரம் சுட்டுவிட்டுச் செய்தபோது வாயு வரவில்லை. உயிருக்குச் சாதகமான விடைதான். 46 டிகிரியில் லேசாகச் சூடாக்கியபோது வாயு வெகுவாகக் குறைந்தது. மண்ணைப் பெட்டிக்குள் இருட்டில் சில மாதம் வைத்திருந்து சோதித்தால் அந்தச் சுறுசுறுப்பு போய்விட்டது. சூரியனின் புறஊதாக் கதிர்தான் மேல்மண்ணை இப்படி மாற்றிவிட்டதோ என்று சந்தேகித்து, வைக்கிங் 2 ஒரு கல்லைத் தள்ளிவிட்டு அதன் அடியிலிருந்து மண் எடுத்தது. அதிலும் வாயு வந்தது.

இவ்வளவும் கேட்டால் ஏதோ நுண்ணுயிர் இருந்ததாகத்தான் தோன்றும். ஆனால் சில நாள் கழித்து இரண்டாம் முறை சத்துநீர் விட்டபோது புதிதாக வாயு எழவில்லை. ஏற்கெனவே மேலே நின்ற வாயுவிலும் ஒரு பகுதி மண்ணுக்குள் திரும்பிப் போனது. வளரும் உயிராக இருந்தால் இரண்டாம் சாப்பாட்டை இன்னும் வேகமாகத் தின்ன வேண்டும். தவிர, கிளம்பிய மொத்த வாயு, ஏழு பண்டத்தில் ஏறத்தாழ ஒன்று மட்டும் தீர்ந்துபோனால் வரக்கூடிய அளவே இருந்தது. ஏதோ ஒரு வினைப்பொருள் மண்ணில் கொஞ்சம் இருந்து, முதல் சொட்டிலேயே செலவழிந்துவிட்டது என்று படித்தாலும் அந்தக் கோடு பொருந்துகிறது.

ஒயாமாவின் சோதனையில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரிந்தது. சத்துக்கரைசல் மண்ணைத் தொடவே இல்லை, காற்றில் ஈரம் ஏறியது மட்டும்தான், அதற்குள் ஆக்சிஜன் கிளம்பிவிட்டது. மண்ணை 145 டிகிரியில் சுட்ட பிறகும் கிளம்பியது. சுட்டாலும் சாகாத, இருட்டிலும் ஆக்சிஜன் விடும் உயிரை நினைத்துப் பார்ப்பதைவிட, ஈரம் பட்டால் ஆக்சிஜன் விடும் ஒரு வேதிப்பொருளை நினைப்பது எளிது. ஹொரோவிட்ஸின் சோதனையில் சிறிதளவு கார்பன் சேர்ந்தது. ஆனால் முன்கூட்டி 90 டிகிரி சூடு கொடுத்தும் அது நிற்கவில்லை.

முடிவைத் தீர்மானித்தது பீமனின் கருவிதான். தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு, பிறகு கடுகளவு குளோரோமீத்தேன், டைகுளோரோமீத்தேன். வேறு ஒன்றும் இல்லை. உடலே இல்லாத இடத்தில் உயிர் எப்படி என்று கேட்டார்கள். அந்த இரண்டு குளோரின் சேர்மங்களையும், பூமியில் கருவியைத் துடைக்கப் பயன்பட்ட கரைப்பான்களின் மிச்சம் என்று ஒதுக்கிவைத்தார்கள். அதிலிருந்த குளோரின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) விகிதமும் பூமியின் விகிதத்தைப் போலவே மூன்றுக்கு ஒன்று என்று இருந்ததால் யாரும் பெரிதாகச் சந்தேகிக்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். செவ்வாயில் உயிர் என்றுமே இருந்ததில்லை என்று வைத்துக்கொண்டாலும், பல நூறு கோடி ஆண்டுகளாக அதன்மேல் விழும் விண்கற்கள் கரிமச் சேர்மங்களைக் கொண்டுவந்து கொட்டியபடியேதான் இருக்கின்றன. நிலவின் மண்ணில்கூட அதன் தடயம் உண்டு. செவ்வாயில் ஒன்றுமே இல்லை என்றால், அங்கே ஏதோ ஒன்று அதையெல்லாம் அழித்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் கருவியே அழித்திருக்க வேண்டும். இரண்டாவது சாத்தியத்தை வெகுநாள் யாரும் சரியாக எடுத்துப் பார்க்கவில்லை.

நைட்ரேட்டைத் தேடிய மின்முனை

2008 மே 25. ஃபீனிக்ஸ் தரையிறங்கி செவ்வாயின் வடதுருவத்துக்கு அருகில், 68 டிகிரி அட்சத்தில் இறங்கியது. அது உயிரைத் தேடப் போகவில்லை. பனி, மண், உப்பு, இவ்வளவுதான் அதன் வேலை. மண்ணே முதலில் அடம்பிடித்தது: அள்ளிய மண் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு, அடுப்பின் வாயில் இருந்த சல்லடையைத் தாண்டவில்லை. பல நாள் உலுக்கிய பிறகே உள்ளே விழுந்தது. மற்றொரு கருவியில் நான்கு சிறு கோப்பைகள். பூமியிலிருந்து கொண்டுபோன 25 மில்லிலிட்டர் தண்ணீரை ஒரு கோப்பையில் உருக்கி, ஒரு கன சென்டிமீட்டர் மண் போட்டுக் கலக்கி, சுவரில் பதித்த மின்முனைகளால் எந்த உப்பு எவ்வளவு கரைந்தது என்று அளப்பது முறை.

அந்த மின்முனைகளில் ஒன்று நைட்ரேட்டுக்காக வைக்கப்பட்டது. அது காட்டிய சமிக்ஞை நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தது. நைட்ரேட் என்று எடுத்துக்கொண்டால், போட்ட மண்ணின் எடையைவிட அதிக நைட்ரேட் கரைந்திருக்க வேண்டும்! ஆனால் அந்த வகை மின்முனைக்கு ஒரு குணம் உண்டு: குளோரினும் ஆக்சிஜனும் சேர்ந்த பெர்குளோரேட் அயனி இருந்தால் நைட்ரேட்டைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு கூர்மையாக அதைக் காட்டும். அப்படிக் கணக்குப் போட்டால் எல்லாம் சரியாக உட்கார்ந்தது. மண்ணின் எடையில் 0.4 முதல் 0.6 சதவீதம் வரை பெர்குளோரேட்.

பெர்குளோரேட் என்றால் என்ன என்று ராக்கெட் விடும் ஊரில் விளக்கத் தேவையில்லை. பிஎஸ்எல்வியின் முதல் கட்டத்தில் எரிபொருளை எரிக்க ஆக்சிஜன் தருவது அம்மோனியம் பெர்குளோரேட்தான். குளிரில் அது சாது. பக்கத்தில் கரிமப் பொருள் இருந்தாலும் வெகுகாலம் சும்மா கிடக்கும். சில நூறு டிகிரி சூடாக்கினால் சிதைந்து ஆக்சிஜனையும் குளோரினையும் கக்கும். அப்போது பக்கத்தில் இருக்கும் கரிமப் பொருள் எரிந்து போகும்.

இப்போது வைக்கிங்கின் அடுப்பை மறுபடி நினைத்துப் பாருங்கள். மண்ணை 500 டிகிரி வரை சூடாக்கி, 'கரிமச் சேர்மம் உண்டா' என்று கேட்டார்கள். கேட்ட அந்தச் செயலே இருந்ததை எரித்திருக்கும். எரிந்தால் என்ன மிஞ்சும்? தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு, கொஞ்சம் குளோரின் ஏறிய மீத்தேன். துடைப்புக் கரைப்பான் என்று ஒதுக்கிய அதே இரண்டு பொருள்கள். 2010-இல் ரஃபேல் நவரோ-கொன்சாலெஸ் குழு, சிலி நாட்டின் அட்டகாமா பாலை மண்ணில் ஒரு சதவீதம் மக்னீசியம் பெர்குளோரேட் கலந்து சுட்டுக் காட்டியது: மண்ணில் உறுதியாக இருந்த கரிமப் பொருள் கிட்டத்தட்ட முழுவதும் போய், குளோரோமீத்தேனும் டைகுளோரோமீத்தேனும் வந்தன. பீமன் இதை ஏற்கவில்லை. அவை கரைப்பான் மிச்சமே என்று வாதிட்டார். 2018-இல் வைக்கிங் தரவுகளை நுண்படச் சுருளிலிருந்து மீட்டு மறுபடி ஆராய்ந்தபோது, வைக்கிங் 2-இன் பதிவில் குளோரோபென்சீனின் சாயலும் தென்பட்டது. துடைப்புக் கரைப்பான் என்ற விளக்கம் அதற்கு எளிதில் பொருந்தவில்லை.

லெவினின் வாயுவுக்கும் விளக்கம் கிடைத்தது. குளிரில் சாதுவான பெர்குளோரேட் நேரடியாகச் சத்துநீரை எரிக்காது என்பது உண்மை. ஆனால் செவ்வாய்க்குக் காற்றுப் போர்வை மெல்லியது. அண்டக் கதிர்கள் மண்ணைத் துளைத்துக்கொண்டே இருக்கின்றன. ரிச்சர்ட் க்வின் குழு 2013-இல் பெர்குளோரேட்டைக் காமா கதிரில் வைத்துப் பார்த்தது. அது உடைந்து ஹைப்போகுளோரைட் உண்டாயிற்று. வீட்டில் தரை கழுவும் பிளீச்சிங் பவுடரின் வீரியமும் இதே அயனிதான். கூடவே உப்புப் படிகத்துக்குள் ஆக்சிஜன் சிக்கிக்கொண்டது. ஈரம் பட்டதும் அந்த ஆக்சிஜன் வெளியேறும்: ஒயாமாவின் விடை. ஹைப்போகுளோரைட் அலனினைத் தாக்கிக் கார்பன் டை ஆக்சைடு விடும்: லெவினின் விடை. ஹைப்போகுளோரைட் சூட்டில் சிதையும், இருக்கும் அளவு தீர்ந்ததும் அடங்கிவிடும்.

எல்லா நுணுக்கமும் இதில் அடைபட்டுவிடவில்லை. 46 டிகிரியிலேயே ஏன் இவ்வளவு வீழ்ச்சி என்று லெவின் 2021-இல் இறக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அவருடைய சோதனையின் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இடக்கை அலனினையும் வலக்கை அலனினையும் ஒரே சொட்டில் கலந்து ஊற்றினார்கள். பூமியின் உயிர்கள் புரதத்துக்கு இடக்கை வடிவத்தையே எடுக்கின்றன. வேதிப்பொருளுக்கு இடம் வலம் தெரியாது. இரண்டையும் தனித்தனிக் கலத்தில் ஊற்றியிருந்தால், ஒன்றில் வாயு வந்து மற்றதில் வராமல் போனதா என்ற ஒரே கேள்வி ஐம்பது ஆண்டு வாதத்தைப் பெருமளவு குறைத்திருக்கும். பின்னாளில் லெவினே இத்தகைய சோதனையை அனுப்பச் சொல்லிக் கேட்டுவந்தார்.

வரிசை மாறியது

வைக்கிங்கின் பிழை கருவியில் இல்லை. கேள்வியின் வரிசையில் இருந்தது. மண் என்ன என்று தெரியுமுன் மண்ணில் யார் என்று கேட்டார்கள். அதன்பின் வந்தவர்கள் வரிசையைத் திருப்பிப் போட்டார்கள்: முதலில் அங்கே தண்ணீர் நின்றதா, எந்த உப்பு, எந்தக் களிமண், பிறகு கரிமச் சேர்மம் தங்கியிருக்கிறதா, அதற்கும் பிறகே உயிரின் தடம்.

2012 ஆகஸ்டில் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, பெர்குளோரேட் இருக்கும் என்று தெரிந்தே வேலையைத் தொடங்கியது. அதன் துரப்பணம் 1.6 சென்டிமீட்டர் அகலத்தில் ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழம் துளைக்கும். தூளைச் சலித்துச் சிட்டிகை அளவு அடுப்புக் கோப்பையில் போடும். எளிதில் ஆவியாகாத மூலக்கூறுகளை ஆவியாக்க உதவும் ஒரு திரவத்தை ஏழு மூடிய கோப்பைகளில் கொண்டுபோயிருந்தார்கள். அதில் கசிவு. கசிந்த ஆவியும் பெர்குளோரேட்டும் அடுப்பில் சேர்ந்து, பூமிக் கார்பனிலிருந்தே குளோரின் சேர்மங்களை உண்டாக்கிக் காட்டின. முதல் மண் மாதிரியில் வந்த சமிக்ஞையில் எது செவ்வாய், எது பூமி என்று பிரிப்பதே பெரும்பாடாயிற்று. பிறகு அந்தக் கசிவையே பயன்படுத்தி, தூளை வேண்டுமென்றே அந்த ஆவியில் ஊறவிட்டும் சோதித்தார்கள்.

கம்பர்லாண்ட் என்று பெயரிட்ட சேற்றுப்பாறையில் குளோரோபென்சீன் நூறு கோடியில் 150 முதல் 300 பங்கு வரை கிடைத்தது. இதிலும் ஒரு பொறி உண்டு: ஆவியைப் பிடித்துவைக்கக் கருவிக்குள் நிரப்பிய பிசின்துகள் சிதைந்தாலும் இதே பொருள் வரலாம். வெற்றுக் கோப்பையைப் பலமுறை சுட்டு, அதில் வரும் அளவைக் கழித்துப் பார்த்த பிறகே 2015-இல் செவ்வாய்க்கே உரியது என்று சொன்னார்கள். அதே பாறைத்தூளில் டெக்கேன், அன்டெக்கேன், டோடெக்கேன் எனப் பத்து, பதினொன்று, பன்னிரண்டு கார்பன் கொண்ட சங்கிலிகள் இருந்ததை 2025-இல் வெளியிட்டார்கள். முன்கூட்டி ஒருமுறை சுட்டு, பெர்குளோரேட் தரும் ஆக்சிஜனை வெளியேற்றிவிட்டு, அதன்பின் இரண்டாம் முறை சுட்டபோது சிக்கியவை இவை. அமினோ அமிலம் கிடைக்கும் என்று செய்த சோதனை அது. கிடைத்ததோ கொழுப்பு அமிலத்தின் துண்டாக இருக்கக்கூடிய சங்கிலி. உயிர் இல்லாமலும் இவை உண்டாகும். எப்படியானாலும், கரிமச் சேர்மமே இல்லை என்ற 1976-இன் முடிவு இத்துடன் போயிற்று.

ரோசலிண்ட் ஃபிராங்ளின் என்ற ஐரோப்பிய ஊர்தி 2028-இல் கிளம்பத் திட்டம். இரண்டு மீட்டர் ஆழம் துளைக்கும். கதிர்வீச்சின் தாக்கம் அந்த ஆழத்தில் வெகுவாகக் குறைந்துவிடும். அடுப்போடு லேசரும் உண்டு: ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு சில பங்கே நீடிக்கும் துடிப்பால் மூலக்கூறைப் பெயர்த்தெடுக்கும். பெர்குளோரேட் சிதைந்து வேலையைக் கெடுக்க அவ்வளவு நேரம் போதாது. இடக்கை, வலக்கை வடிவங்களைப் பிரித்துப் பார்க்கும் வசதியும் அதில் இருக்கிறது.

வியாழனின் நிலவான யூரோப்பாவுக்கு 2024 அக்டோபர் 14 அன்று கிளம்பிய யூரோப்பா கிளிப்பரும் உயிரைத் தேடும் கலமில்லை. பனிக்கு அடியில் உள்ள கடல் வாழத்தக்கதா, அதன் உப்பு என்ன என்பதே அதன் கேள்வி. 2030-இல்தான் போய்ச் சேரும்.

சிறுத்தைப் புள்ளிகள்

செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்தில் 2021 பிப்ரவரி முதல் ஓடும் பெர்சிவியரன்ஸ் ஊர்தி, அடுப்பே கொண்டுபோகவில்லை. பாறையைத் துளைத்துக் குழாயில் அடைத்து வைப்பதுதான் அதன் தலையாய வேலை. முதல் முயற்சியே தோற்றது: 2021 ஆகஸ்டில் துளைத்த பாறை தூளாக உதிர்ந்து, குழாய் வெறுமையாக மூடப்பட்டது.

2024 ஜூலையில், நெரெட்வா என்ற பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஓரத்தில், சேயாவா ஃபால்ஸ் எனப் பெயரிட்ட ஒரு சேற்றுப்பாறையை அது கண்டது. சிவந்த பாறையில் மில்லிமீட்டர் அளவில் வெளிறிய புள்ளிகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் கருத்த விளிம்பு. விளிம்பில் இரும்பு பாஸ்பேட்டான விவியனைட், நடுவில் இரும்பு சல்ஃபைடான கிரைகைட், பாறையில் கரிமச் சேர்மத்தின் சமிக்ஞை. பூமியில் சேற்றுக்கடியில் வாழும் நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைத் தின்று, இரும்பையும் சல்ஃபேட்டையும் வேதிக் குறைப்புக்கு (எலக்ட்ரான் ஏற்றும் வினைக்கு) உள்ளாக்கும்போது இதே தாதுக்களை மிச்சம் விடுகின்றன. உயிர் இல்லாமலும் இவை உருவாகலாம். சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக்க அப்போது நல்ல சூடு தேவை. இந்தப் பாறை அப்படிச் சூடுபட்டதற்கான தடயம் இல்லை. குறைந்த சூட்டிலேயே கரிமப் பொருள் தானாக வினைபுரியும் வழியும் இருக்கலாம் என்பதால், 2025 செப்டம்பரில் வெளிவந்த கட்டுரை 'உயிரின் தடமாக இருக்கக்கூடியது' என்ற அளவோடு நின்றது. வைக்கிங்கை அறிந்தவர்களுக்கு இந்த நிதானத்தின் விலை தெரியும்.

அந்தப் பாறையிலிருந்து எடுத்த மாதிரி, சஃபையர் கேன்யன், விரல் அளவுக் குழாயொன்றில் மூடி கிடக்கிறது. கந்தக ஐசோடோப்பு விகிதத்தை அளக்கவும், புள்ளியை மெல்லிய சீவலாக்கிப் பார்க்கவும் பூமியின் ஆய்வுக்கூடம் வேண்டும். ஊர்தி கொண்டுபோன 43 குழாய்களில் 5 சாட்சிக் குழாய்கள். அவற்றில் பாறை போடுவதில்லை. பாறை எடுக்கும் இடத்தில் வெறுமனே திறந்து மூடுகிறார்கள். பூமியிலிருந்து ஒட்டி வந்த அழுக்கு எது என்று பிற்பாடு கழித்துக்கொள்வதற்காக.